ஸ்பிரிண்டுக்கு என் முன்மொழிவு: நிரல் சிரமதானம்

அன்பின் நண்பர்களே,

கொழும்பு மாநாடு முடிந்த மறுநாள் வைக்கப்போகும் கோடிங் ஸ்பிரிண்டை, அதாவது பலர் ஓரிடத்தில் கூடி மென்பொருள் நிரலை (கோடை) எழுதித் திருத்தும் நாளை, தமிழில் எப்படி அழைப்பது என்று பல நாளாகக் கதைத்துவருகிறோம். சுவரொட்டி தமிழிலும் சிங்களத்திலும் அச்சாக வேண்டும், இனியும் இழுக்க முடியாது. நான் முன்மொழிவது ‘நிரல் சிரமதானம்’. சிரமதானம் என்றால் ஊரார் கூடிச் சம்பளமின்றிச் செய்யும் பொதுவேலை.

இதுவரை வந்தவற்றில் ‘நிரலோட்டம்’ என்பதுதான் அதிகம் பேருக்குப் பிடித்திருக்கிறது. காதுக்கு இனிமையான சொல்தான். ஆனால் நிரலை ஓட்டுவது என்றால் எழுதியதை இயக்கிப் பார்ப்பது என்றுதான் நாம் எல்லோரும் புழங்குகிறோம். ‘நிரலோட்டத்தில் கண்ட வழு’ என்று எழுதினால் அந்தப் பிழை இயக்கும்போது வந்ததா, ஸ்பிரிண்டில் பிடிபட்டதா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘விரைவோட்டம்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் ஓட்டம் என்றதுமே யார் முந்துவது என்ற எண்ணம் வந்துவிடும். நிரலாளர்கள் கூடும் ஹாக்கத்தானுக்கு நேர்ந்தது நமக்குத் தெரியும். 1999இல் கனடாவின் கல்கரியில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் நிரலாளர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தபோது அந்தப் பெயரை வைத்தார்கள். அதில் பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. இன்றைக்குக் கொழும்பில் ஒரு மாணவரிடம் ஹாக்கத்தான் என்று சொன்னால், பரிசு எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

படை முகாமைக் குறிக்கும் ‘பாசறை’ வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் அந்தச் சொல் யாருக்கு எதை நினைவூட்டும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ‘பட்டறை’ நல்ல சொல்தான், ஆனால் அது பயிற்சிக்குப் பழகிவிட்டது. பட்டறை என்று போட்டால் ஆட்கள் குறிப்புப் புத்தகத்தோடு வந்து, யார் கற்பிக்கப்போகிறார் என்று மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்பிரிண்டில் உண்மையில் நடப்பது என்ன? பொதுவில் கிடக்கும் ஒரு மென்பொருள். அதைப் பயன்படுத்துகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் ஓரிடத்தில் கூடி, குறித்த நாளுக்குள், முடிந்ததைச் செய்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் வழு திருத்துவார், ஒருவர் ஆவணம் எழுதுவார், இன்னொருவர் புதிதாக வந்தவரின் மடிக்கணினியில் எல்லாம் நிறுவிக்கொடுப்பார். இதற்கு இலங்கையில் பெயர் தேடி அலைய வேண்டுமா? ஊர்ச் சனசமூக நிலையத்துப் பலகையைப் பாருங்கள்: ‘ஞாயிறு காலை 7 மணிக்கு சிரமதானம். மண்வெட்டி, கத்தி, கடகத்துடன் வரவும்.’ பாடசாலை வளவோ கோயில் கேணியோ, இடம் எதுவானாலும் ஆட்கள் வருவார்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவர் குப்பை அள்ளுவார், இல்லாவிட்டால் தேத்தண்ணீர் ஊற்றுவார். எனக்கு நிரல் எழுத வராதே, நான் வரலாமா என்ற கேள்விக்கு இந்தப் பெயரே பதில் சொல்லிவிடும்.

1958இல் ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய என்ற கிராம மேம்பாட்டு இயக்கம் இந்தச் சொல்லை நாடெங்கும் கொண்டுபோனது. சிங்களத்திலும் இதே சொல்தான். ஒரே சுவரொட்டியில் இரு மொழிக்காரரும் ஒன்றைப் படித்து ஒன்றையே விளங்கிக்கொள்வது கொழும்பில் சின்ன விஷயம் இல்லை. இங்கே அந்த வேலை முன்பே நடந்தும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தன்னார்வலர்கள் கூடி எழுதிய சஹானா என்ற மென்பொருள், சில வாரங்களிலேயே காணாமல்போனவர்களையும் முகாம்களையும் பதிய உதவியது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி எதிர்வாதங்கள். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், சிரமம் என்றால் தங்களுக்குக் கஷ்டம் என்றுதான் படும் என்கிறார். உண்மைதான். அங்கே ‘நிரல் கூட்டுழைப்பு’ என்று போடட்டும். கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் இலங்கை வழக்கு, தமிழக வழக்கு என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். வடசொல் என்ற ஆட்சேபம் எனக்கும் விளங்குகிறது. ‘உழைப்புக்கொடை’ என்று எழுதிப் பார்த்தேன், குறையில்லாத சொல், ஆனால் அதைக் கேட்டு மண்வெட்டி எடுக்க யாரும் எழும்பமாட்டார்கள். சம்பளத்துக்கு வருகிறவர் செய்வது தானமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சம்பளம் யார் கொடுத்தாலும், எழுதியது திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. எனக்கு அது போதும்.

இந்தச் சொல் நன்றாகக் கிளைவிடவும் செய்கிறது. மொழிபெயர்ப்புச் சிரமதானம், ஆவணச் சிரமதானம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உலக வரைபடத்துக்கு வரைபடச் சிரமதானம். ஸ்க்ரம் என்ற திட்ட மேலாண்மை முறையில் வரும் ஸ்பிரிண்ட் வேறு விஷயம், ஒரு மாதத்துக்கு மேற்படாமல் ஒன்று முடிய அடுத்தது தொடங்கும். அதற்குச் ‘சுற்று’ பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லால் கட்ட வேண்டாம்.

நாள் குறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் டெப்கேம்ப் என்ற கூட்டுவேலை நாட்களை மாநாட்டுக்கு முந்திய வாரம் வைப்பார்கள். 2023இல் கொச்சியிலும் அப்படித்தான் நடந்தது. ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கு அது சரி. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் புதியவர்களாக இருப்பார்கள், பராமரிப்பாளரின் உரையைக் கேட்டு, இடைவேளையில் கதைத்துப் பழகிய பிறகுதான் அவர் பக்கத்தில் உட்காரத் துணிவார்கள். ஆகவே அமெரிக்கப் பைகான் (பைதன் நிரல்மொழி மாநாடு) போல மாநாட்டுக்குப் பிறகே வைப்போம். சனி, ஞாயிறு மாநாடு, திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை) என்று அமையும் வாரம் கிடைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் லீவு போடாமல் வரலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் ஒரே பயணத்தில் இரண்டும் ஆகும். போயா அன்று மண்டபம் திறந்து தருவார்களா என்பதை மட்டும் முதலே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

ஐரோப்பாவில் இருக்கும் பராமரிப்பாளர்களை இணையத்தில் சேர்ப்பதானால் பிற்பகலில் வையுங்கள். நமக்கு 2 மணி என்றால் பெர்லினில் குளிர்காலத்தில் காலை 9:30. காலை நேரம் முழுவதும் நிறுவலுக்குப் போகட்டும். மென்பொருளின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தை எல்லோரும் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் இறக்கினால் மதியம்வரை யாருக்கும் வேலை ஓடாது, நான்கைந்து பென் டிரைவில் முந்திய நாளே போட்டுவைப்பது நல்லது.

அச்சகத்துக்குக் கோப்பு வெள்ளிக்கிழமை போகிறது. வேறு சொல் சிறந்தது என்று நினைக்கிறவர்கள், அதை வைத்து ஒரு முழு அறிவித்தலை எழுதி அனுப்புங்கள். தனிச்சொல்லாகப் பார்ப்பதைவிட வசனத்தில் வைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம். என்னுடையது இது: ‘திங்கள் காலை 9 மணிக்கு நிரல் சிரமதானம். மடிக்கணினியுடன் வரவும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் வரலாம்.’