அறிவியலையும் வாசிப்பையும் சேர்த்து நடத்துபவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் பச்சைப்பயறை முளைகட்டி இரண்டு தொட்டிகளில் நட்டோம், ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று அலமாரிக்குள். பிள்ளைகள் தினமும் பார்த்துவிட்டுப் பேசிய பேச்சு இருக்கிறதே, அவ்வளவு அருமை! இருட்டில் இருந்தது ஏன் இப்படி வெளுத்துப்போய் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறது என்று ஒரு பையன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். சரி, பார்த்ததை எழுதுங்கள் என்றேன். முக்கால்வாசிப் பேர் 'பயறு முளைத்தது' என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள லாரன்ஸ் ஹால் ஆஃப் சயின்ஸ் என்ற அறிவியல் மையத்தில் அறிவியல் ஆட்களும் வாசிப்பு ஆய்வாளர்களும் சேர்ந்து இதற்கென்றே ஒரு பாடத்திட்டம் உருவாக்கியிருக்கிறார்கள். செய், பேசு, படி, எழுது, இந்த நாலும் ஒரே பாடத்துக்குள் வரும். ஊகிப்பது, சான்று தேடுவது எல்லாம் சோதனைக்கும் வேண்டும், வாசிப்புக்கும் வேண்டும் என்பதுதான் அடிப்படை. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது.

ஆனால் தமிழில் எப்படிச் செய்வது? துளிர் என்ற சிறுவர் அறிவியல் பத்திரிகையின் பழைய இதழ்களிலிருந்து சில கட்டுரைகள் எடுத்து வைத்திருக்கிறேன், மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு அவை கொஞ்சம் நீளம். செடி, மண், பூச்சி பற்றி எட்டுப் பத்து வரியில் எழுதிய பத்திகள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அப்புறம், 'நான் பார்த்தது', 'நான் நினைப்பது' என்று பிரித்து எழுதப் பழக்கியவர்கள் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்? உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுப் பக்கம் ஒன்று, பெயரை மறைத்துப் போட்டாலும் பெரிய உதவி.