மாதிரியெடுத்த கணக்கை வைத்துப் பில் போடலாமா?

வலைக்காவலன்:
இணையச் சேவை நிறுவனம், தரவைக் கடத்திவிடும் ரவுட்டரில் ஆயிரம் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, கிடைத்ததை ஆயிரத்தால் பெருக்கி, அந்தத் தொகைக்கு வாடிக்கையாளரிடம் பணம் கேட்பது முறையல்ல என்பது என் கருத்து. பத்தே பாக்கெட்டுகள் கொண்ட ஒரு ஃப்ளோ (ஒரே தொடர்பில் அடுத்தடுத்துச் செல்லும் பாக்கெட்டுகளின் தொகுப்பு) இம்முறையில் கண்ணில் படுவதற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வாய்ப்புதான் உண்டு. பட்டுவிட்டாலோ, பத்துக்குப் பதிலாக ஆயிரம் என்று பதிவாகிவிடும். ரவுட்டரின் இணைப்பு முனையில் இருக்கும் இன்டர்ஃபேஸ் கவுன்ட்டர் ஒவ்வொரு பைட்டையும் எண்ணித் தரும்போது மதிப்பீடு எதற்கு?

எண்ணாளர்:
கவுன்ட்டர் மொத்தத்தை மட்டுமே சொல்லும். அதில் எவ்வளவு உள்ளூர் இணைப்பகம் (நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறும் இடம்) வழியாகவும், எவ்வளவு விலை கூடிய வெளிநாட்டு இணைப்பு வழியாகவும் போனது என்பதை அது சொல்லாது. மேலும், பில் போடுவது தனி ஃப்ளோவுக்கு அல்ல, மாத மொத்தத்துக்கு. இப்படிப் பிரித்த ஒவ்வொரு வகைக்கும் 10,000 மாதிரிகள் சேர்ந்துவிட்டால், 95 விழுக்காடு நம்பகத்தன்மையோடு, பிழை 2 விழுக்காட்டுக்குள் நிற்கும்.

வலைக்காவலன்:
அந்த 2 விழுக்காடு பாக்கெட் எண்ணிக்கைக்கு உரியது, நண்பரே. பணம் கேட்பதோ பைட்டுக்கு. 64 பைட் பாக்கெட்டும் 1500 பைட் பாக்கெட்டும் கலந்து ஓடும் இடத்தில் பிழை அதைவிடக் கூடும். 100 மாதிரிகளே விழும் சிறு வாடிக்கையாளருக்கு எண்ணிக்கையிலேயே 20 விழுக்காடு பிழை வரலாம். அவர் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

எண்ணாளர்:
நியாயமான கேள்வி. ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் டஃபீல்ட், லண்ட், தோரப் ஆகிய மூவரும் 2001இல் இதற்குத்தான் வழி சொன்னார்கள். பாக்கெட்டுகளை விட்டுவிட்டு, ஃப்ளோ பதிவுகளை (ஒவ்வொரு ஃப்ளோவிலும் எத்தனை பைட் போனது என்ற குறிப்புகளை) அளவுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரம்பு 1 எம்பி என்றால், 40 எம்பி ஃப்ளோ தவறாமல் எடுக்கப்பட்டு 40 ஆகவே கணக்கில் ஏறும். 10 கேபி ஃப்ளோ நூற்றில் ஒரு முறை எடுக்கப்பட்டு 1 எம்பியாக ஏறும். சராசரியில் யாருக்கும் கூடாது, குறையாது. மாதம் 10 ஜிபி பயன்படுத்துபவருக்குத் திட்டப்பிழை (மதிப்பீடு உண்மையிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 100 எம்பியை, அதாவது 1 விழுக்காட்டைத் தாண்டாது. பயன்பாடு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை நிலையான கட்டணம் மட்டும் என்று வைத்துவிட்டால், உங்கள் சிறு வாடிக்கையாளரைப் பிழை தொடவே தொடாது.

வலைக்காவலன்:
நிலையான கட்டண ஏற்பாட்டை ஏற்கிறேன். ஆனால், ஃப்ளோ பதிவு உருவாகும் முன்பே ரவுட்டர் பாக்கெட்டுகளை மாதிரியெடுத்திருந்தால், நீங்கள் சொன்ன 1 விழுக்காட்டின் மீது அந்தப் பிழையும் ஏறும். ஆகவே பாக்கெட், ஃப்ளோ ஆகிய இரண்டையும் மாதிரியெடுக்கும் விகிதங்களை ஒப்பந்தத்தில் அச்சிட்டு, பில்லுக்கு அடிப்படையான பதிவுகளைத் தகராறுக் காலம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மட்டுமே இந்த முறையை அனுமதிக்க வேண்டும்.