கருப்பு கார்ல வெயில்ல மட்டும் தெரியிற வட்ட வட்டக் கோடு, எந்த பாலிஷ் வாங்கலாம்?

ராத்திரிவண்டி
எல்லாருக்கும் வணக்கம். வண்டி எடுத்து 3 வருஷம் ஆகுது, கருப்பு கலர். முதல்லயே சொல்லிடறேன் நான் வண்டிய கண்டுக்காம விடற ஆளு இல்ல, தினமும் காலைல கெளம்புறதுக்கு முன்னாடி துணி எடுத்து பானட்லேருந்து டிக்கி வரைக்கும் ஒரு தூசி இல்லாம துடைச்சுட்டுத்தான் சாவியே போடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியும் கருப்புதான், அது மாசத்துக்கு ஒரு தடவ தண்ணி பாத்தாலே பெரிசு. ஆனா நல்ல வெயில்ல ரெண்டு வண்டியும் பக்கத்துல நின்னா என் வண்டியிலதான் சூரியன் விழுற இடத்த சுத்தி சிலந்தி வலை பின்னுன மாதிரி வட்ட வட்டமா மெல்லிசு கோடு, அவரோடது மேல தூசி இருக்கே தவிர கழுவிட்டா கண்ணாடி. இது என்ன நியாயம்னு தெரியல.

போன வருஷம் ஒரு கடைல விட்டு பாலிஷ் போட்டேன், வெளிய எடுத்தப்ப புது வண்டி மாதிரி இருந்துச்சு, 4 வாரத்துல எல்லா கோடும் திரும்ப வந்துடுச்சு. இன்னொரு விஷயம், முன் பம்பர் 3 வாரம் முன்னாடிதான் புதுசா பெயிண்ட் அடிச்சது, அதுலயும் பாலிஷ் போடலாமா? நல்ல பாலிஷ் எதுன்னு சொன்னா வாங்கி நானே வீட்ல போட்டுடுவேன்.

குட்டிபிஸ்டன்
ப்ரோ எதுக்கு காசு செலவு, வெள்ளை டூத்பேஸ்ட்ட ஈரத் துணில எடுத்து தேய்ங்க, என் பைக் டேங்க்ல போட்டேன் சூப்பரா போச்சு 👍

பட்டிபார்த்தவன்
டூத்பேஸ்ட் போடாதீங்க தம்பி. அதுலயும் தேய்க்கிற பொடிதான் இருக்கு, ஆனா அது பல்லுக்குன்னு செஞ்சது, ஒரு சின்ன கோடு மங்கலாகும், அத சுத்தி கை அளவுக்கு இடம் வெளுத்துப் போய் நிக்கும். கருப்புல அது இன்னும் பளிச்சுன்னு தெரியும்.

நான் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைல பாதி ஆயுச ஓட்டினவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க. வண்டி மேல நீங்க பாக்குற பளபளப்பு கலர் பெயிண்டோடது இல்ல. தகடு, அது மேல துரு புடிக்காம இருக்க ஒரு பூச்சு, அப்புறம் ப்ரைமர், அப்புறம் கலர், எல்லாத்துக்கும் மேல கலரே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு, வெயில் தாங்குறது எல்லாம் அந்த கிளியர் கோட்தான், அதோட கனம் சுமாரா 35லேருந்து 50 மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணு 70 மைக்ரான் இருக்கும்னு வச்சுக்குங்க, அதவிட மெல்லிசு. மூணு வருஷமா தினம் காலைல துணிய வச்சு தேய்ச்சது அது மேலதான்.

தூசின்னு நாம சொல்றது பாதி மண்ணு, நுணுக்கின கல்லு. காஞ்ச தூசி மேல காஞ்ச துணி போட்டு இழுத்தா உங்க கைல இருக்கிறது துணி இல்ல தம்பி, ரொம்ப நைசான உப்புத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி ஏன் நல்லா இருக்குன்னு கேட்டீங்க பாருங்க, அவரு தொடவே இல்ல, அவ்வளவுதான் விஷயம். தூசி மேல கிடக்கிறதால ஒண்ணும் ஆகாது, அத இழுக்குறப்பதான் கோடு விழும்.

வட்டமா தெரியுதுன்னு நீங்க வட்டமா துடைச்சீங்கன்னு அர்த்தம் இல்ல. கோடு எல்லா பக்கமும் கன்னாபின்னான்னு ஓடிட்டுதான் இருக்கும், வெளிச்சத்துக்கு குறுக்கால இருக்கிற கோடு மட்டும் மின்னும், அதனால வெளிச்சத்த சுத்தி வட்டம் போட்ட மாதிரி கண்ணு காட்டும். ராத்திரி செல்போன் டார்ச்ச அடிச்சுகிட்டே நடங்க, வட்டமும் கூடவே நகர்ந்து வரும்.

இப்ப அந்த 4 வார பாலிஷ். பாலிஷ்னு ஒரே பேர்ல மூணு சாமான் விக்கிறாங்க. காம்பவுண்ட் முரட்டுத்தனமா தேய்ச்சு எடுக்கும். பாலிஷ் அதையே நைசா செய்யும். வாக்ஸ், சீலண்ட் எல்லாம் தேய்க்காது, மேல ஒரு படலமா உக்காந்துக்கும். இது போக எண்ணெய் கலந்த க்ரீம் ஒண்ணு இருக்கு, அது கோட்டுக்குள்ள போய் நெரம்பி மறைச்சிடும், நாலு தடவ கழுவினா போயிடும். உங்களுக்கு போட்டது அதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மீதிக்கு, வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே நீங்க பழைய துணிய எடுத்திருப்பீங்க.

நிஜமா கோட்ட எடுக்கணும்னா ஒரே வழிதான், கோட்டோட பள்ளம் வரைக்கும் சுத்தி இருக்கிற கிளியர் கோட்ட சமமா தேய்ச்சு இறக்கணும். அதாவது ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் காலி. அது பேங்க்ல போட்ட காசு மாதிரி, எடுக்கலாம், திரும்ப போட முடியாது. அதனால துடைக்கிற பழக்கத்த மாத்தாம பாலிஷ் வாங்காதீங்க, கையெடுத்து கும்பிடறேன்.

புது பம்பர்ல இப்ப ஒண்ணும் பூசாதீங்க. பட்டறைல அடிச்ச பெயிண்ட்லேருந்து தின்னர் வாடை மெதுவாத்தான் வெளிய போகும், அதுக்குள்ள மேல வாக்ஸ் போட்டு மூடக்கூடாது. 30 நாள்லேருந்து 60 நாள் விடுங்க, அடிச்சவர் வேற கணக்கு சொன்னா அவர் சொல்றதுதான் சரி. அதுவரைக்கும் வெறும் தண்ணி, லேசான ஷாம்பு போதும்.

ராத்திரிவண்டி
அண்ணா படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன். மூணு வருஷம் பெருமையா செஞ்ச வேல! டார்ச் அடிச்சு பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே வட்டம் என் கூடவே நடந்து வருது.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. ஊருக்கு போயிட்டு வந்து 10 நாள் நின்ன வண்டில என் பொண்ணு டிக்கி மேல தூசில வெரலால அவ பேர எழுதியிருந்தா, அப்பவே கழுவிட்டேன், அது ஆறு மாசம் ஆச்சு. டார்ச்ச சாய்ச்சு அடிச்சா முதல் ரெண்டு எழுத்து இன்னும் படிக்க முடியுது. வெறும் வெரல்தான்!

சரி தினம் துடைக்காம எப்படிண்ணா இருக்கிறது, தூசியோட வெளிய எடுத்துட்டு போக மனசு வராது. கழுவுறதுன்னா எப்படி கழுவணும்? இதுவரைக்கும் ஒரு பக்கெட், பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய பனியன்.

நுரைப்பிரியன்
பழைய பனியன்னு படிச்சதும் நெஞ்சு வலிச்சுது 😅 நானும் அங்கேருந்து வந்தவன்தான்.

ரெண்டு பக்கெட் வைங்க, ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. கைல மாட்டுற மைக்ரோஃபைபர் உறை கிடைக்கும், புசுபுசுன்னு நீள முடி வச்சது, மண்ணு அந்த முடிக்குள்ள போய் மாட்டிக்கும், பனியன்ல மண்ணு போக இடமே இல்ல அதனால அது பெயிண்ட் மேலேயே உருளும். ஒரு டோர் தேய்ச்சதும் வெறும் தண்ணி பக்கெட்ல நல்லா அலசுங்க, அப்புறம்தான் ஷாம்புல முக்கணும். முதல் தடவ அலசின பக்கெட்டோட அடிய பாருங்க, அடில தங்குற மண்ணு இவ்வளவு நாளா எங்க போச்சுன்னு புரியும்.

ஆனா இதெல்லாம் ரெண்டாவதுதான். முக்கியமானது தொடறதுக்கு முன்னாடி தண்ணி. பைப்ல மேலேருந்து கீழ நல்லா பீய்ச்சி எவ்வளவு மண்ணு தானா போகுமோ அவ்வளவும் போன பிறகுதான் கை வைக்கணும். டாப், கண்ணாடி, பானட்னு ஆரம்பிச்சு கீழ வாங்க, டோரோட அடிப்பகுதி, பம்பர் கீழ எல்லாம் கடைசி, அழுக்கு மொத்தம் அங்கதான். வீலுக்கு தனி துணி, தனி பக்கெட், ப்ரேக் பேட்லேருந்து வர்ற இரும்புத் தூள் ஒட்டின துணிய தப்பித்தவறிக்கூட டோர்ல வச்சுடாதீங்க. வெயில்ல நிறுத்தி கழுவாதீங்க, பானட் சூடா இருந்தா ஷாம்பு அப்படியே காஞ்சு திட்டு திட்டா நிக்கும்.

பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டா பெயிண்ட் உரிஞ்சு போயிடும்னு சிலர் பயமுறுத்துவாங்க, ஒரு தடவைல அப்படி ஒண்ணும் ஆகாது. ஆனா எண்ணெய எடுக்கத்தானே அத செஞ்சிருக்காங்க, போட்டு வச்ச வாக்ஸையும் சேத்து எடுத்துடும். கார் ஷாம்புல இன்னொரு வசதி, நல்லா வழுக்கும், மண்ணு பெயிண்ட்ட கீறாம நழுவும்.

துடைக்கிறது: பெரிய மைக்ரோஃபைபர் துண்ட பானட் மேல விரிச்சு போட்டு மெதுவா உங்க பக்கம் இழுங்க, இல்லன்னா ஒத்தி எடுங்க. அழுத்தவே வேணாம். தண்ணி தானா காயட்டும்னு விட்டா அதுவும் வம்பு, உப்பு தண்ணியா இருந்தா ஒவ்வொரு சொட்டும் காஞ்சு வெள்ளை வட்டமா நிக்கும். ஏற்கனவே அப்படி இருந்தா வெள்ளை வினிகர் ஒரு பங்கு தண்ணி ஒரு பங்கு கலந்து துணில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சுட்டு நல்லா அலசிடுங்க, அந்த இடத்துல வாக்ஸ் திரும்ப போடணும்.

துண்ட துவைக்கிறப்ப கம்ஃபர்ட் மாதிரி வாசனை லிக்விட் எதுவும் ஊத்தாதீங்க, இழை அடைச்சுகிட்டு தண்ணியே உறிஞ்சாது. கீழ விழுந்த துண்டு அன்னிக்கு ரிட்டயர்டு, எவ்வளவு உதறினாலும் சரி.

சும்மாவிடுங்கப்பா
எல்லாரும் ஏதோ ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பேசுறீங்க. வண்டி ஓடுறதுக்கு வாங்கினது. என்னோடது வெள்ளை கலர், 9 வருஷம் ஆச்சு, இருக்கிற கோடெல்லாம் எனக்கே தெரியாது. வாரம் ஒரு தடவ தண்ணி ஊத்துங்க, நடுவுல கைய கட்டிகிட்டு இருங்க, அது போதும்.

பட்டிபார்த்தவன்
சும்மாவிடுங்கப்பா சொல்றதுல முக்கால்வாசி நான் சொன்னதேதான், அவருக்கு வெள்ளை வண்டி அதனால சுலபமா சொல்லிட்டாரு. ஒண்ணு மட்டும் சேத்துக்கணும், பறவை எச்சம் விழுந்தா மட்டும் கைய கட்டிகிட்டு இருக்கக் கூடாது. வெயில்ல பெயிண்ட் சூடேறி இளகி விரியும், அதே நேரம் எச்சம் மேல காஞ்சு கல்லாகும், சாயங்காலம் குளிர்ந்து பெயிண்ட் சுருங்குறப்ப அந்த கல்லோட அச்சு அப்படியே பதிஞ்சிடும். அதுல இருக்கிற அமிலமும் அரிக்கும். கருப்பு வண்டி சூடு அதிகம், ஒரே நாள் வெயில்லயே தடம் விழுந்து பாத்திருக்கேன். அதுக்காக நகத்தால சுரண்டிடாதீங்க, உள்ள விதை, மணல் எல்லாம் இருக்கும். ஈரத் துணிய மேல போட்டு 10 நிமிஷம் ஊற விடுங்க, இளகினதும் அள்ளி எடுங்க.

கவர் போடலாமான்னு அடுத்து கேப்பீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். தூசி வண்டி மேல கவர் போட்டா காத்து அடிக்கிறப்பெல்லாம் கவரே உங்க பழைய துணி வேலைய செய்யும். கழுவி காஞ்ச வண்டிக்கு மட்டும் போடுங்க.

ராத்திரிவண்டி
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். பனியன் எல்லாம் தூக்கி போட்டாச்சு. ரெண்டு பக்கெட், கை உறை, பெரிய துண்டு வாங்கி ரெண்டு தடவ கழுவிட்டேன், முதல் தடவ அலசின பக்கெட் அடில ஒரு பிடி மண்ணு, வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டினேன். தினமும் துடைக்காம இருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு, காலைல கை தானா துணிய தேடுது, கண்ணாடிய மட்டும் துடைச்சுட்டு ஏறிடறேன்.

ரெண்டு சந்தேகம். கழுவின பிறகு தடவி பாத்தா பானட் வழவழன்னு இல்ல, பொடி ஒட்டின மாதிரி சொரசொரன்னு இருக்கு. ரெண்டாவது, டிரைவர் சைடு டோர்ல ஒரு நீள கீறல், அது இந்த வட்டக் கோட்டு ஜாதி இல்ல, கொஞ்சம் ஆழம். பாலிஷ்ல போகுமா?

நுரைப்பிரியன்
சொரசொரப்பு உள்ள ஒட்டிகிட்ட இரும்புத் தூள், தார், மரத்துப் பிசின். மெல்லிசு பிளாஸ்டிக் கவர கைல மாட்டிகிட்டு தடவுங்க, இன்னும் நல்லா தெரியும். அதுக்கு க்ளே பார்னு களிமண் மாதிரி ஒரு கட்டி இருக்கு, ஷாம்பு தண்ணிய நல்லா தெளிச்சு வழுக்க வச்சு அழுத்தாம நேர்கோட்ல ஓட்டணும், சரசரன்னு சத்தம் வரும், அது நின்னா அந்த இடம் முடிஞ்சுது. அழுக்கு பக்கத்த மடிச்சு உள்ள தள்ளிட்டு புது பக்கத்த எடுங்க. கட்டி கீழ விழுந்தா தூக்கி போட்டுடுங்க, பாவம் பாக்காதீங்க. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ போதும், அதுவும் லேசா கோடு போடும்கிறதால பாலிஷ் போடறதுக்கு முன்னாடி செய்யுறதுதான் நல்லது. புது பம்பர் பக்கம் போகாதீங்க.

பட்டிபார்த்தவன்
கீறல்ல நகத்த குறுக்கால மெதுவா ஓட்டுங்க. நகம் வழுக்கிட்டு போனா கிளியர் கோட்லதான் இருக்கு, பாலிஷ்ல போகும் இல்ல மங்கும். நகம் மாட்டி நின்னா ஆழம், அத தேய்ச்சு எடுக்கப் போனா சுத்தி இருக்கிற கிளியர் கோட்டும் போயிடும், டச் அப் பெயிண்ட், அதாவது கீறல்ல மட்டும் தொட்டு வைக்கிற அதே கலர் பெயிண்ட், வச்சுட்டு விட்டுடுங்க. உள்ள வெள்ளையாவோ தகடாவோ தெரிஞ்சா தள்ளிப் போடாதீங்க, துரு அங்கேருந்துதான் ஆரம்பிக்கும்.

வட்டக் கோட்டுக்கு இப்ப பாலிஷ் வாங்கலாம், நைஸ் பாலிஷ்லேருந்து ஆரம்பிங்க, காம்பவுண்ட் இல்ல. ஒரு சாண் இடத்துல மட்டும் போட்டு டார்ச் அடிச்சு பாருங்க, அதுலயே போதும்னா அதுக்கு மேல முரட்டு சாமான் தேவையே இல்ல. கையால போட்டா தோள் கழண்டுடும், மெஷின்னா ஆடிகிட்டே சுத்துற டூயல் ஆக்ஷன் வாங்குங்க, ஒரே இடத்துல வேகமா சுத்துற பட்டறை மெஷின் வேணாம், பழகாத கை ஓரத்துல வச்சா நிமிஷத்துல பெயிண்ட் பொசுங்கிடும். டோர் ஓரம், பானட் மடிப்பு இங்கெல்லாம் கிளியர் கோட் இன்னும் மெல்லிசு, பேப்பர் டேப் ஒட்டிட்டு செய்யுங்க. முடிச்சதும் வாக்ஸோ சீலண்டோ மேல போடுங்க, வாக்ஸ் வெயில்ல சில வாரம்தான் தாங்கும், சீலண்ட் சில மாசம் ஓடும். கருப்பு பிளாஸ்டிக்ல பட்டா வெள்ளையா காஞ்சு நிக்கும், அங்கயும் டேப்.

ராத்திரிவண்டி
நகம் மாட்டுது அண்ணா. டச் அப்தான். டிக்கில ஒரு மூலைல பாலிஷ் போட்டு பாத்தேன், பாதிக்கு மேல போயிடுச்சு, டார்ச்ல வித்தியாசம் நல்லா தெரியுது. பொண்ணு வந்து அவ பேர் இருக்கிற இடத்துல மட்டும் போடாதப்பான்னு சொல்லிட்டா, அங்க டேப் ஒட்டியிருக்கேன்.