சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட 67 ஏசியா: ஒளிப்புள்ளியாக மட்டுமே தெரிவதைக் கல் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மாடிவானம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, எட்டு அங்குலத் தொலைநோக்கியில், 67 ஏசியா என்னும் சிறுகோளை அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, முதல் இரவு நோட்டில் குறித்துவைத்த பதினொரு புள்ளிகளில் ஒன்று மறுநாள் இடம் மாறியிருந்தது என்று சொல்வதே பொருத்தம். மற்றபடி அதற்கும் பக்கத்திலிருந்த விண்மீன்களுக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

இது சென்னையிலிருந்து 1861-இல் கண்டுபிடிக்கப்பட்டது என்றும், இந்தியர் ஒருவர் கண்ட முதல் சிறுகோள் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது, உண்மையா? சிறுகோள் தேட ஒளிப்படத் தட்டுகூடப் பயன்பாட்டுக்கு வராத காலத்தில் இதை எப்படிப் பிடித்தார்கள்? இன்னொன்று, எந்த விண்கலமும் அருகே சென்றிராத இந்தப் பொருளைக் கல்வகைச் சிறுகோள் என்று எதை வைத்து உறுதியாகச் சொல்கிறார்கள்?

பழைய ஏடு (மறுமொழி):

செய்தியில் பாதி சரி. 67 ஏசியா 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் கண்டறியப்பட்டது. கண்டவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்த நார்மன் போக்சன். அவர் இங்கே பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால்தான் அந்தப் பெயர். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. ரகுநாதாச்சாரி 1867-இல் கண்டது ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீன். அதுவே போதிய பெருமை, இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

பிடித்த முறை, நீங்கள் மாடியில் செய்ததுதான். சிறுகோள்கள் பெரும்பாலும் கதிர்வீதியை, அதாவது வானில் சூரியன் செல்வதாகத் தெரியும் பாதையை ஒட்டியே உலவுவதால், அந்தப் பகுதியின் மங்கலான விண்மீன்களை வரைபடமாக்கி வைத்துக்கொண்டு, இரவுதோறும் வானத்தோடு ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளி ஏதேனும் தென்பட்டால் அது நகர்கிறதா என்று காத்திருப்பார்கள். வானில் சூரியனுக்கு நேரெதிரே இருக்கும் (எதிர்நிலை) நாட்களில் ஏசியா ஒரு நாளைக்கு ஏறத்தாழ கால் பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதி நகரும். ஒரு மணி நேர நகர்வு தொலைநோக்கியில் தெரியும் வியாழனின் வட்டத்தளவுதான். பொறுமையுள்ளவருக்கு அது போதும். மாக்ஸ் வுல்ஃப் 1891-இல் 323 புரூசியாவை ஒளிப்படத்தில் பிடிக்கும் வரை எல்லாச் சிறுகோள்களும் கண்ணால் பார்த்தே கண்டறியப்பட்டவை.

இன்னொரு செய்தி. வான்பொருளின் ஒளியை ஒளித்தரம் என்னும் படிகளில் அளப்பார்கள், எண் கூடக்கூட மங்கல். வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை ஆறாம் ஒளித்தரம் என்றால், நல்ல எதிர்நிலையிலும் ஏசியா பத்தாம் ஒளித்தரத்தை ஒட்டியே இருக்கும். அதாவது அந்த எல்லையைவிடச் சுமார் நாற்பது மடங்கு மங்கல். இந்தக் கணக்கில் ஒரு படிக்கு 2.512 மடங்கு என்ற விகிதத்தை 1856-இல் முன்மொழிந்தவரும் இதே போக்சன்தான்.

கல்நோக்கி (மறுமொழி):

இரண்டாம் கேள்விக்கு நான் முயல்கிறேன். உங்களுக்கு அது புள்ளியாகவே தெரிந்ததில் வியப்பில்லை. குறுக்களவு ஏறத்தாழ 60 கி.மீ., சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் உள்ள தொலைவு எனலாம். அதை இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் எந்தக் கண்ணாடி வில்லையும் மாடியில் அதற்கு வடிவம் கொடுக்காது. ஆனால் அந்தப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஏசியாவின் மேல் படுவது சூரிய ஒளி. திரும்பி வரும் ஒளியைச் சூரிய நிறமாலையோடு ஒப்பிட்டால், எந்த அலைநீளங்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரியும். ஆலிவின், பைராக்சீன் ஆகிய சிலிக்கேட் கனிமங்களில் உள்ள இரும்பு, ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. அதனால் நிறமாலை வரைபடத்தில் அங்கே ஒரு பள்ளம் விழும். பைராக்சீன் இரண்டு மைக்ரோமீட்டர் அருகிலும் ஒரு பள்ளத்தை ஏற்படுத்துகிறது. எஸ் வகை எனப்படும் கல்வகைச் சிறுகோள்களின் அடையாளம் இந்தப் பள்ளங்கள்தான். கரிமவகையானவை ஒளியில் இருபதில் ஒரு பங்கு அளவையே திருப்பி அனுப்பும் கரிக்கட்டைகள். எஸ் வகையில் அது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். உலோகவகையின் நிறமாலையிலோ இத்தகைய ஆழமான பள்ளங்கள் தென்படுவதில்லை.

நெடுநாள் ஒரு சிக்கல் இருந்தது. பூமியில் மிகுதியாக விழும் சாதாரணக் காண்ட்ரைட் என்னும் கல்வகை விண்கற்கள் எஸ் வகைச் சிறுகோள்களிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று தோன்றினாலும், சிறுகோள்களின் நிறமாலை விண்கற்களைவிடச் சிவந்தும், அதிலுள்ள பள்ளங்கள் ஆழம் குறைந்தும் காணப்பட்டன. ஏறத்தாழ ஏசியாவின் அளவே நீளமுள்ள 243 ஐடாவை 1993 ஆகஸ்டில் கலிலியோ விண்கலம் கடந்தபோது, மோதலால் உண்டான புதிய குழிகளைச் சுற்றிய பரப்பு பழைய பரப்பைவிடச் சிவப்புக் குறைந்து காணப்பட்டது. சூரியக்காற்றும் நுண்கற்களின் மோதலும் பரப்பில் மிக நுண்ணிய இரும்புத் துகள்களை உண்டாக்கி நிறத்தை மாற்றுகின்றன என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. எஸ் வகையைச் சேர்ந்த இட்டோகாவாவிலிருந்து ஜப்பானின் ஹயபுசா 2010-இல் கொண்டுவந்த துகள்கள் அதை உறுதிப்படுத்தின: உள்ளே காண்ட்ரைட், மேலே வெயில்பட்ட தோல். இட்டோகாவா பூமிக்கு அருகே வருவது, ஏசியா செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டையில் இருப்பது. ஆயினும் ஒளியின் மொழி ஒன்றே என்பதால் அந்தத் துகள்களின் சாட்சி ஏசியாவுக்கும் ஓரளவு பொருந்தும். ஓரளவு என்று சொல்லக் காரணம், எஸ் வகைக்குள்ளேயே கனிம விகிதங்கள் வேறுபடுகின்றன என்பதுதான்.

மாடிவானம்:

இருவருக்கும் நன்றி. நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் அந்தப் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அனுமதி பெற்று ஒருநாள் பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு சிறிய கேமராவும் உண்டு. நிறமாலை எடுக்க வசதியில்லை. வேறு ஏதேனும் அளக்க முடியுமா?

கல்நோக்கி:

சுழற்சியை அளக்கலாம். ஏசியா தன்னைத்தானே சுற்ற 16 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. 24 மணி நேரத்தில் ஒன்றரைச் சுற்று. எனவே இன்று இரவு காட்டும் முகத்துக்கு நேரெதிர் முகத்தையே நாளை அதே நேரத்தில் காட்டும். இரவு ஒன்பது மணி முதல் விடியற்காலை நான்கு மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் இரண்டு இரவுகள் எடுத்து, அதே படத்திலுள்ள மூன்று நான்கு விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியை வரைபடமாக்குங்கள். முகம் மாறுவதால் வரும், கண்ணுக்குப் புலப்படாத சிறு ஏற்ற இறக்கம்தான் கிடைக்கும். மேகம் வந்தால் அந்த இரவை விட்டுவிடுங்கள். பாதி இரவின் கணக்கைச் சேர்த்துத் தைத்து நான் ஏமாந்திருக்கிறேன்.