சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு இரண்டாவது பெயர்

குழு: காட்பாடி வீடு

தேன்மொழி, காலை 7:42
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலையில் வரும் குழந்தைகள் விளையாட்டு நிகழ்ச்சிக்கு யாழினி தேர்வாகியிருக்கிறாள். ஒளிப்பதிவு அடுத்த வெள்ளிக்கிழமை சென்னை சாலிகிராமத்தில் நடக்கிறது. காலை 7 மணிக்கே அங்கே இருக்க வேண்டுமாம். ஒரே குடும்பத்துக் குழந்தைகள் இருவர் சேர்ந்துதான் விளையாட வேண்டும் என்பதும், இருவருக்கும் 12 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பதும் விதி. இரண்டாவது பெயரை இன்று மாலை 5 மணிக்குள் கேட்கிறார்கள்.

ரேவதி, 7:44
மகிழ்ச்சி அக்கா. கவின் தயாராக இருக்கிறான்.

வள்ளி, 7:45
மித்ராவும் தயாராக இருக்கிறாள்.

செந்தில், 7:46
ஆரம்பித்துவிட்டது.

சுந்தரம் அண்ணன், 8:15
யாழினிக்கு என் ஆசிகள். தொழிலாளர் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியது என் கடமை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ஆம் ஆண்டில் திருத்திய பிறகு, குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பங்கேற்பதற்கும் விதிகள் உண்டு. வினாடி வினாவும் திறன் போட்டியும் அதில் அடங்கும். ஒரு குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஓய்வு தராமல் 3 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தவும் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும். 5 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் இருக்க வேண்டும். குழந்தைக்கு வருமானம் வந்தால் அதில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் அதன் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஆகவே தேன்மொழி, கையெழுத்திடுவதற்கு முன் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கம்மா.

செந்தில், 8:17
அண்ணா, சைக்கிள்தான் பரிசு.

சுந்தரம் அண்ணன், 8:26
சைக்கிளோடு நிற்கும் என்று எப்படிச் சொல்கிறாய்? பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரி பிடிப்பார்கள். பொருளாகக் கொடுத்தாலும் வரியைக் கட்டிய பிறகுதான் பொருளைத் தர முடியும். 40,000 ரூபாய் மடிக்கணினியை யாழினி வென்றாள் என்று வைத்துக்கொள். நீ 12,000 ரூபாயோடு போய் நிற்க வேண்டும்.

செந்தில், 8:27
அப்படியானால் சைக்கிளையே வெல்லச் சொல்கிறேன்.

வள்ளி, 8:40
மித்ரா சென்ற ஆண்டு இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகப் போனாள். அரை மணி நேர நிகழ்ச்சி என்று நாம் பார்ப்பதை எடுக்க அரை நாள் ஆனது. கையசைத்தால் கைதட்ட வேண்டும், மறுபடி கையசைத்தால் நிறுத்த வேண்டும். யாரும் வெல்லாத நேரத்திலேயே வெற்றிக் கூச்சலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பசியில் சுருண்டுவிட்டார்கள். கடைசியில் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்துப் பழகியவள் மித்ரா. மேலும், எங்கள் வளசரவாக்கம் வீட்டிலிருந்து சாலிகிராமம் ஆட்டோ தூரம்.

ரேவதி, 8:44
அண்ணி, கைதட்டப் பழகியவளைவிட விடை தெரிந்தவன் போவதுதானே முறை? கவின் தலைநகரங்கள் அனைத்தையும் ஒப்பிப்பான்.

வள்ளி, 8:45
பள்ளி ஆண்டு விழா மேடையிலும் ஒப்பித்தானே, பார்த்தோம்.

தேன்மொழி, 8:52
சண்டை வேண்டாம். உடையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். நெருக்கமான கோடு போட்ட சட்டையும் பச்சை நிறமும் கூடாதாம்.

வள்ளி, 8:53
யாழினி பிறந்தநாளுக்கு நான் ஆரணியிலிருந்து எடுத்துக் கொடுத்தது பச்சைப் பட்டுப் பாவாடை.

தேன்மொழி, 8:54
ஆமாம் அண்ணி.

சுந்தரம் அண்ணன், 9:05
காரணம் இருக்கிறது. பின்னால் பச்சைத் திரையைக் கட்டிப் படம் எடுத்து, அந்தப் பச்சையை மட்டும் நீக்கிவிட்டு வேறு காட்சியைப் பொருத்துவார்கள். பச்சைப் பாவாடை உடுத்திப் போனால் பாவாடையும் சேர்ந்து மறைந்து, குழந்தையின் மேல் பாதியும் பாதங்களும் மட்டும் தனித்தனியே தெரியும். நெருக்கமான கோடுகளோ கேமராவில் அலை அலையாய் ஆடும்.

செந்தில், 9:21
அம்மாவின் குரல் செய்தியை எழுத்தில் தருகிறேன்: “அடுத்த வெள்ளி ஆடி வெள்ளி. வீட்டில் கூழ் ஊற்ற வேண்டும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லாரும் பட்டணம் போய்விட்டால் கூழை யார் குடிப்பது?”

ரேவதி, 9:23
அத்தையிடம் சொல்லுங்கள், நான் இருக்கிறேன். கவினை மட்டும் அனுப்புகிறேன்.

தேன்மொழி, 9:30
ரேவதி, கவினுக்கு எப்போது 12 நிறைகிறது?

ரேவதி, 9:41
புதன்கிழமை.

வள்ளி, 9:41
ஒளிப்பதிவு வெள்ளிக்கிழமை.

ரேவதி, 9:43
விண்ணப்பிக்கும் நாளில் அவனுக்கு 11 வயதுதான் அண்ணி. எந்த நாளைக் கணக்கில் எடுப்பார்கள் என்று தெரியாமல் நாமே ஏன் முடிவு செய்ய வேண்டும்?

தேன்மொழி, 9:44
கேட்டுச் சொல்கிறேன்.

சுந்தரம் அண்ணன், 10:12
பயணத்தை இப்போதே தீர்மானித்துவிடலாம். விடியற்காலை ஏலகிரி ரயிலை நம்பினால் 7 மணிக்குச் சாலிகிராமம் போய்ச் சேர முடியாது. வியாழன் மாலையே வேலூரில் பேருந்து ஏறிப் பூந்தமல்லியில் இறங்கி, போரூர் வழியாக வளசரவாக்கம் போய் வள்ளி வீட்டில் தங்குவதே சரி. நம் பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆற்காடு சாலைதான் வளசரவாக்கம், சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் என்று ஸ்டுடியோக்களுக்கு நடுவே போகிறது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லுங்கள். நானும் உடன் வருகிறேன். படிவத்தை எனக்கு அனுப்புங்கள், நானே நிரப்பித் தருகிறேன்.

வள்ளி, 10:13
வேண்டாம்.

சுந்தரம் அண்ணன், 10:14
ஏன்?

வள்ளி, 10:20
1986-இல் தொலைக்காட்சிப் புதிருக்கு விடை கண்டுபிடித்தவள் நான். மொட்டை மாடியில் ஏறி, படம் தெளியும் வரை ஆன்டெனாவைத் திருப்பிப் பிடித்திருந்தவளும் நான். என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது என்று சொல்லி, 15 காசு அஞ்சலட்டையை வாங்கிக்கொண்டு நீங்கள் எழுதினீர்கள். அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயர் இருந்தது அண்ணா?

சுந்தரம் அண்ணன், 10:31
குடும்பத்தில் மூத்தவன் பெயரை எழுதுவது அக்கால வழக்கம்.

வள்ளி, 10:32
பரிசுப் பேனா உங்கள் பெயருக்கு வந்தது. அந்தப் பேனாவால்தான் அரசுத் தேர்வையும் எழுதினீர்கள்.

செந்தில், 10:33
அந்தப் பேனா இன்றும் அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது.

சுந்தரம் அண்ணன், 10:40
முள்ளை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

தேன்மொழி, மாலை 3:50
அலுவலகத்தில் பேசினேன். வயதைப் பற்றி ஒருவர் விண்ணப்ப நாள் என்கிறார், மற்றொருவர் ஒளிப்பதிவு நாள் என்கிறார். இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். தாங்களே முடிவு செய்துகொள்வார்களாம். தேர்வாகாத பிள்ளை பார்வையாளர் வரிசையில் உட்காரலாம்.

ரேவதி, 3:52
கவினின் சான்றிதழை அனுப்பிவிட்டேன்.

வள்ளி, 3:53
மித்ராவின் சான்றிதழும் வருகிறது. யார் விளையாடினாலும் வியாழன் இரவு எல்லாருக்கும் இங்கேதான் சாப்பாடு.

செந்தில், 4:05
யாழினி ஒன்று கேட்கச் சொன்னாள். சைக்கிள் ஒன்றுதானே, இருவர் வென்றால் யாருக்கு?

ரேவதி, 4:06
அதைப் பிறகு பேசலாம்.

வள்ளி, 4:06
பிறகு பேசலாம்.

சுந்தரம் அண்ணன், 4:38
செந்திலிடமிருந்து படிவத்தை வாங்கி அச்செடுத்துவிட்டேன். யாழினியின் பெயரை எழுதியாயிற்று. இரண்டாவது பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே “பரிசைப் பெற்றுக்கொள்பவர்” என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் யார் பெயரை எழுதுவது?

வள்ளி, 4:38
அண்ணா, பேனாவைக் கீழே வையுங்கள்.