மலை ஏறும்போது நின்றுபோகும் 125 சிசி பைக்: இன்ஜின் போர் வேலை தேவையா?

கேள்வி: எழுபது வளைவு

அனைவருக்கும் வணக்கம். நான் சேந்தமங்கலத்தில் குடியிருந்து, வாரத்தில் ஐந்து நாள் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறிச் செம்மேட்டுப் பக்கம் வேலைக்குச் சென்று வருகிறேன். வண்டி 2012இல் வாங்கிய, கார்புரேட்டர் உள்ள 125 சிசி பைக். இதுவரை 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று மாதங்களாக அது படுத்தும் பாட்டை விவரமாக எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சமதளத்தில் 40, 45 வேகத்தில் போகும்வரை குறை எதுவும் தெரிவதில்லை. மலை ஏறத் தொடங்கி முப்பதாவது வளைவைத் தாண்டியதும் இழுவை குறைகிறது; அடுத்த இரண்டு மூன்று வளைவுகளுக்குள், பெட்ரோல் தீர்ந்துபோனால் எப்படி இழுத்து இழுத்து நிற்குமோ அப்படியே நின்றுவிடுகிறது. ரிசர்வில் போட்டாலும் பயனில்லை. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தால் மறுபடியும் கிளம்பி, ஒன்றுமே நடக்காததுபோல் மேலே ஏறிவிடுகிறது. எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை என்பதுதான் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இதோடு மைலேஜும் 58இல் இருந்து 45க்கு இறங்கிவிட்டது. இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்ப ஏழெட்டுக் கிக் தேவைப்படுகிறது. வழக்கமாகச் செல்லும் மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அப்போதும் சரியாகாததால், கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் போய்விட்டது, போர் போட்டுப் பிஸ்டன் செட் மாற்ற வேண்டும்" என்கிறார். அதாவது, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்துவிட்டதால் அதன் உட்சுவரைக் கடைந்து, புதிய பிஸ்டன் போட வேண்டுமாம். 9,000 ரூபாய் ஆகுமாம். புகை எதுவும் வரவில்லை, ஆயிலும் குறையவில்லை. செலவு செய்வதற்குமுன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

பதில் 1: பழைய ஸ்பேனர்

நண்பரே, நீங்கள் ஒரு நோயாக எழுதியிருப்பது எனக்கு இரண்டாகத் தெரிகிறது. மலையில் நின்றுபோவது ஒன்று. மைலேஜ் குறைவதும் சூட்டில் கிளம்ப மறுப்பதும் மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடியதால்தான் உங்கள் மெக்கானிக் நேராகப் பிஸ்டனுக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறேன். தேய்ந்த பிஸ்டன் பத்து நிமிட ஓய்வில் குணமாகாது.

முதலில் நின்றுபோவதைப் பார்ப்போம். டாங்கில் இருந்து பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால், இறங்கிய அளவுக்கு மேலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக டாங்க் மூடியின் உட்புறத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். மழைச் சேறோ, வாட்டர் சர்வீஸில் பீய்ச்சிய தண்ணீரோடு போன மண்ணோ அதை அடைத்துவிட்டால், டாங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் கீழே வராமல் நின்றுவிடும். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது குறைவாகத்தான் செலவாகும் என்பதால், கசிந்து நுழையும் கொஞ்சக் காற்றே போதும். மலையில் இரண்டாவது கியரில் முறுக்கும்போது அது போதாது. வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் காற்று மெல்ல உள்ளே போய்ச் சமன் செய்துவிடுகிறது.

இதற்கான சோதனைக்குக் காசு வேண்டாம். அடுத்த முறை நின்றதும் கிக்கரைத் தொடாமல், சாவியை எடுத்து டாங்க் மூடியைத் திறந்து, அந்த நொடியில் "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், மூடியைத் திறந்து மூடி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்ப அரை நிமிடம் விட்டுக் கிளப்பிப் பாருங்கள். டாங்க் நிறைந்திருக்கும் நாளில் மூடியை மெதுவாகத் திறக்கவும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் வழிந்தால் ஆபத்து.

ஒரு கேள்வி. நின்றுபோகும் நாட்கள், நீங்கள் டாங்கை நிரப்பிய நாட்களா? நிறைந்த டாங்கில் பெட்ரோலுக்கு மேல் இருக்கும் காற்றிடம் மிகச் சிறியது. ஆகவே அரை லிட்டர் செலவானாலே வெற்றிடம் பலமாகிவிடும். பாதி டாங்கில் அவ்வளவு சீக்கிரம் ஆகாது.

பதில் 2: காயில் கட்டு

மேலே உள்ள நண்பர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் சூடேறினால் நின்று, ஆறினால் கிளம்பும் நோய் இன்னொன்றும் உண்டு. பிளக்கில் பொறி உண்டாக்க உதவும் இக்னிஷன் காயில், பல்சர் காயில் போன்றவற்றின் உள்கம்பி சூட்டில் விட்டுப்போய், குளிர்ந்ததும் மறுபடி சேரும். என் பழைய வண்டியில் இதைக் கண்டுபிடிக்காமல் இரண்டு முறை கார்புரேட்டர் கழுவிக் காசைக் கரைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வித்தியாசத்தை வண்டியே காட்டிவிடும். மின்சாரக் கோளாறு என்றால் பெரும்பாலும் சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று நிற்கும். பெட்ரோல் வராவிட்டால் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, தவித்து நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. எனினும் ஊகத்தில் விடாமல், நின்ற இடத்திலேயே கார்புரேட்டரின் அடிக் கப்பில் உள்ள வடிகால் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, சிறு பாட்டிலில் பிடியுங்கள். பெட்ரோல் தாராளமாக வந்தால் நான் சொல்வதைத் தேடுங்கள். சொட்டிவிட்டு நின்றால் பழைய ஸ்பேனர் சொல்வதைத் தேடுங்கள். பாட்டிலின் அடியில் முத்துமுத்தாகத் தனியே நிற்பது ஏதும் தெரிந்தால் அது தண்ணீர். பெட்ரோல் சிந்திய இடத்தில் பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

பதில் 3: ஈரோடு ரைடர்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று தெரியவில்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2012 வண்டிக்கு அது ஒத்துக்கொள்ளாது. மைலேஜ் குறையத்தான் செய்யும். பங்கை மாற்றிப் பாருங்கள்.

பதில் 4: டேப்பட் சத்தம்

எத்தனாலின்மேல் பழி போடுவது இப்போது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம்தான் குறையும். கேட்டவருக்கு 58இல் இருந்து 45 என்றால் 22 சதவீதம் போயிருக்கிறது. மீதியை வேறெங்கோதான் தேட வேண்டும். தவிர, கார்புரேட்டர் வண்டியில் எத்தனால் கூடினால் எரிகலவை மெலியும். பிளக்கின் நிறம் வெளுக்குமே தவிரக் கறுக்காது. ஆகவே கேட்டவர் பிளக்கின் நிறத்தைச் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர்ப் பாகங்கள் எத்தனாலால் கெடும் என்பது வேறு விஷயம். பெட்ரோல் டியூப் வெடித்திருந்தால் மாற்றிக்கொள்வது நல்லது.

பிளக் பார்க்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கரியாகத்தான் தெரியும். ஏற்றத்தில் நன்றாக முறுக்கி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து, இன்ஜினை அணைத்து, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்திக் கழற்ற வேண்டும். காப்பிப்பொடி நிறம் என்றால் கலவை சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் மட்டுமே ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்), வால்வு சீல் என்று யோசிக்க வேண்டும். ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது; கீழே ஊற்றும் அளவுக்கே மேலேயும் ஊற்றும். எனவே செம்மேட்டில் கொஞ்சம் இழுவை குறைவதும் பிளக் சற்றே கறுப்பதும் எந்த நல்ல வண்டிக்கும் நடப்பதுதான். அடிவாரத்துக்கு அருகிலேயே பாருங்கள்.

இப்போது கம்ப்ரஷன். மெக்கானிக் கையால் உணர்ந்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் அவசரம். ரிங் தேய்ந்தாலும் அழுத்தம் குறையும், வால்வு முழுதாக மூடாவிட்டாலும் குறையும். டேப்பட் (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) இடைவெளி இல்லாமல் இறுக்கமாக இருந்தால், வால்வின் தண்டு சூட்டில் நீளும்போது வால்வு இருக்கையில் உட்காராமல் மயிரிழை திறந்தே நிற்கும். குளிரில் எளிதாகக் கிளம்பி, சூட்டில் கிளம்ப மறுக்கும் வண்டியைக் கண்டால் நான் முதலில் டேப்பட்டைத்தான் பார்ப்பேன். புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை என்கிறீர்கள். அதுவும் ரிங்குக்கு எதிரான சாட்சிதான்.

பிரித்தறிய வழி இருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைப்பதால், குறை ரிங்கில் இருந்தால் முள் நன்றாக ஏறும். அசையவே இல்லை என்றால் குறை வால்வில்.

மைலேஜைக் குறைக்கும் செயின் இறுக்கம், பின் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது ஆகியவற்றை சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே தெரிந்துகொள்ளலாம். ஆக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும்.

கேட்டவரின் மறுமொழி: எழுபது வளைவு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்க்க ஐந்து வாரம் ஆயிற்று, அதனால்தான் தாமதம்.

பழைய ஸ்பேனர் ஐயா கேட்ட கேள்வியில் திடுக்கிட்டுப்போனேன். நான் திங்கட்கிழமை காலையில்தான் டாங்கை நிரப்புவேன். யோசித்துப் பார்த்தால், வண்டி நின்ற நாட்களில் பெரும்பாலானவை திங்கள், செவ்வாய்தான்! அடுத்த திங்களன்று முப்பத்து மூன்றாவது வளைவில் நின்றது. முதலில் வடிகால் திருகைத் தளர்த்தினேன். நாலைந்து சொட்டு விழுந்து நின்றுவிட்டது. திருகை இறுக்கிவிட்டுச் சாவியை டாங்க் மூடியில் போட்டுத் திருப்பியதும், பிரஷர் குக்கர் தணியும்போது வருவதுபோல் ஒரு சீறல். மூன்றாவது கிக்கில் வண்டி கிளம்பியது. மாலையில் மூடியின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், ரப்பருக்குப் பின்னால் சிவப்பு மண் பசைபோல் இறுகியிருந்தது. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, நன்றாகக் காயவைத்து மாட்டினேன். அதன்பிறகு நான்கு திங்கட்கிழமைகள் கடந்துவிட்டன. ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஆனால் மைலேஜ் 46லேயே இருந்தது. இரண்டும் வேறு நோய்கள் என்பது இதிலேயே உறுதியாகிவிட்டது. பிளக்கைக் காரவள்ளிக்கு மேலே மூன்றாவது வளைவில் கழற்றிப் பார்த்தேன், உலர்ந்த கரி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், காகித ஃபில்டரின் கீழ்ப்பாதி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வந்த ஆயிலில் ஊறிக் கறுத்திருந்தது. அது கழுவிப் பயன்படுத்தும் வகை இல்லையாம். 170 ரூபாய்க்குப் புதியது போட்டேன். இரண்டு முறை டாங்க் நிரப்பிக் கணக்கிட்டதில் 51 வந்தது.

பிறகு நாமக்கல்லில் ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் அளந்தோம். ஆயில் ஊற்றியும் முள் ஏறவில்லை. மறுநாள் காலை, வண்டியைக் கிளப்பாமல் குளிர்ந்த இன்ஜினில் டேப்பட் பார்த்தார்கள். ஃபிளைவீல் குறியை நேராக வைத்து, எக்சாஸ்ட் பக்கம் 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால் போகவே இல்லை. என் வண்டிக்கு 0.08 இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. அதன்படி வைத்து மூடிய பிறகு கிக்கரை அழுத்தினால் காலை எதிர்த்துத் தள்ளியது. இப்போது மைலேஜ் 56. சூட்டில் இரண்டாவது கிக்கில் கிளம்புகிறது.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு மாதத்துக்குமுன் சர்வீஸ் விட்டபோது, "டிக் டிக் என்று சத்தம் வருகிறது, அது இல்லாமல் செய்துகொடுங்கள்" என்று வற்புறுத்தியவன் நானேதான். மெக்கானிக் என் ஆசைப்படி சத்தத்தை நிறுத்திக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்த மெல்லிய சத்தம் திரும்பி வந்துவிட்டது. அது அப்படியே இருக்கலாமா?

பதில் 5: டேப்பட் சத்தம்

இருக்கலாம், என் புனைபெயருக்குக் காரணமே அதுதான். தையல் மெஷின்போல் சீராகக் கேட்கும் லேசான சத்தம் இடைவெளி இருப்பதற்கு அடையாளம். சத்தமே இல்லாத டேப்பட்தான் எக்சாஸ்ட் வால்வைச் சுட்டுவிடும். நீங்கள் நான்கு மாதத்தில் விழித்துக்கொண்டீர்கள்.

ஆனால் இதோடு விட்டுவிடாமல், 1,000 கி.மீ. ஓடியதும் மறுபடி காலையில், குளிர்ந்த இன்ஜினில், அதே எக்சாஸ்ட் பக்கத்தை அளந்து பாருங்கள். 0.08 அப்படியே இருந்தால் அடுத்த சர்வீஸ்வரை அதைத் தொட வேண்டாம். யாரும் இறுக்காமலேயே இடைவெளி குறைந்திருந்தால், இத்தனை நாள் சூடு பட்டதில் வால்வோ அதன் இருக்கையோ தேயத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் செய்ய வேண்டியிருக்கும். அந்த நிலையிலும் போர் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். சிலிண்டரின் உட்சுவரை விரல் நகத்தால் வருடிப் பார்த்து, மேல்விளிம்பில் படி தட்டுப்பட்டால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம்.

பிரீதர் குழாய் ஆயில் கக்கியது என்று எழுதியிருந்தீர்கள். ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் சிறு குழாயின் மூடியைக் கழற்றி மாதம் ஒருமுறை வடித்துவிடுங்கள். ஆயில் அளவுக் குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கிறார்களா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: எழுபது வளைவு

பார்த்தேன். மேல்கோட்டுக்கு மேலே கால் விரற்கடை அளவு இருந்தது. வடித்துச் சரிசெய்துவிட்டேன். 1,000 கி.மீ. ஆனதும் டேப்பட் அளவை இங்கேயே எழுதுகிறேன்.