ஏஐ குரலை வைத்து உடம்பைத் தளர்த்த முடியுமா?

மண்டபம்வாசி: வலை இழுத்துவிட்டு வந்தால் தோளும் இடுப்பும் கல்லாக இறுகிவிடுகின்றன, தூக்கமும் வருவதில்லை. போனில் ஏஐயிடம் கேட்டால் பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்கச் சொல்கிறது, ஆனால் மூச்சுவிட இடம் தராமல் கடகடவென்று ஓடுகிறது. என்ன செய்யலாம்?

கீழக்கரை அக்கா: “நான் ‘சரி’ என்றால்தான் அடுத்த இடம்” என்று ஏஐயிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் தம்பி. அப்புறம், 1920களில் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த தசைத் தளர்வு முறையையும் கேளுங்கள். தோளைக் காதுவரை தூக்கி, சில விநாடி இறுக்கி, சட்டென்று விட வேண்டும். இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்புக்கே பிடிபடும்.

பாம்பன்காரன்: ஏஐக்கு நீங்கள் சொல்வது மட்டும்தான் தெரியும், உங்கள் தோள் தெரியாது. வலிக்கிற இடத்தை இறுக்காதீர்கள். கை மரத்துப்போனால் டாக்டரிடம் போங்கள், போனிடம் இல்லை.

மண்டபம்வாசி: ‘சரி’ வேலை செய்கிறது அக்கா! இடுப்புக்கு வருவதற்குள் டவர் போய்விட்டது, அது வேறு கதை.